அயல்வீட்டு அகதிக் குடும்பத்தின் பிள்ளைகளுக்குத் தொண்டராக உதவுவது எப்படி?

செவ்வந்தி

வணக்கம். நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் 26 ஆண்டுகளாக வசித்து வருகிறேன். கணக்கு எழுதும் வேலையிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டேன். பிள்ளைகள் இருவரும் குடும்பமாகி வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஆகையால் கையில் நேரம் இருக்கிறது.

இந்தக் கோடையில் எங்கள் மாடியிலேயே ஓர் ஆப்கானியக் குடும்பம் குடிவந்தது. தாய், தகப்பன், 16 வயது மதிக்கத்தக்க ஒரு பெண், 13 வயதுப் பையன், பாலர் வகுப்புக்குப் போகும் ஒரு சிறு பிள்ளை. பாகிஸ்தானில் சில ஆண்டுகள் காத்திருந்துவிட்டு வந்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தகப்பன் இரவு வேலைக்குப் போகிறார். ஆங்கிலம் ஓரளவு பேசக்கூடியவன் அந்தப் பையன் ஒருவன்தான்.

சென்ற வாரம் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கப் போவதாக எல்லா வீட்டுக் கதவுகளிலும் நிர்வாகம் ஒரு தாளை ஒட்டியிருந்தது. சமையலறை அலுமாரிகளை வெறுமையாக்கி, மருந்து அடித்தபின் 4 மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதுதான் செய்தி. மாலையில் குப்பை போடுவதற்காக நான் வெளியே வந்தபோது அந்தத் தாய் கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். பையன் தாளைக் கையில் பிடித்தபடி முகம் வெளிறி நின்றான். வீட்டைக் காலி செய்யும்படி எழுதியிருக்கிறது என்று அவன் வாசித்துச் சொல்லியிருக்கிறான். 4 என்பதை நாள் என்று எடுத்துக்கொண்டானாம். உள்ளே எட்டிப் பார்த்தால், பாத்திரங்களோடு உடுப்புகளையும் பைகளில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நான் கைக்கடிகாரத்தைக் காட்டி, விரலால் 4 முறை சுற்றிக் காட்டி, என் வீட்டுக் கதவிலும் அதே தாள் ஒட்டியிருப்பதைக் கூட்டிச் சென்று காட்டிய பிறகுதான் அந்த அம்மா நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்படியான குடும்பங்களுக்கு, முக்கியமாகப் படிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு, ஒழுங்காக உதவ விரும்புகிறேன். கணிதம் சொல்லிக் கொடுக்க என்னால் முடியும். ஏதாவது நிறுவனத்தில் தொண்டராகப் பதிந்து செய்வதா, நேரே கதவைத் தட்டிச் செய்வதா? என்னென்ன பத்திரங்கள் தேவைப்படும்? உடுப்பு, பணம் முதலியவற்றைக் கொடுப்பது முறையா? உதவி என்ற பெயரில் ஒரு வீட்டுக்குள் தலையை நுழைக்கிற ஆளாக மாறிவிடக் கூடாது என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

வழித்துணை

வணக்கம் அக்கா. புதிதாக வருபவர்கள் இங்கே காலூன்ற உதவும் குடியமர்வுப் பணியில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் 3 ஆண்டுகள் சம்பளமில்லாத தொண்டராக இருந்தேன். உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் எல்லாரையும் அகதிகள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கனடாவில் அந்தச் சொல்லுக்குள் மூன்று விதமான வாழ்க்கை இருக்கிறது. அரசாங்கமே தெரிந்தெடுத்துக் கொண்டுவருபவர்கள் ஒரு வகை. இவர்கள் விமானத்தை விட்டு இறங்கும்போதே நிரந்தர வதிவாளர்கள். முதல் ஆண்டுக்கு அரசின் கொடுப்பனவு உண்டு. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபின் 40,000 ஆப்கானியரை ஏற்பதாகக் கனடா அறிவித்து, 2023 இல் அந்த எண்ணிக்கையை எட்டியது. அவர்களில் பெருந்தொகையினர் இவ்வாறு வந்தவர்கள். தனியார் குழுக்கள் ஸ்பொன்சர் செய்து கொண்டுவருபவர்கள் இரண்டாவது வகை. இவர்களும் நிரந்தர வதிவாளர்களே, ஆனால் வீட்டு வாடகை முதல் பாடசாலைப் பதிவு வரை முதல் 12 மாதங்களுக்கு ஸ்பொன்சர் குழுவே பொறுப்பு. மூன்றாவது வகையினர் இங்கே வந்து சேர்ந்தபின் அகதிக் கோரிக்கை வைத்து விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள். 2023 கோடையில் ரொறன்ரோ பீட்டர் வீதி 129 ஆம் இலக்கத்தில் இருக்கும் வீடற்றோர் உதவி மையத்துக்கு வெளியே நடைபாதையில் படுத்திருந்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இந்த வகை.

இந்த வேறுபாட்டை நான் சொல்வதற்குக் காரணம், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது இதில்தான் தங்கியிருக்கிறது. மத்திய அரசின் பணத்தில் நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்புக்கு முதல் இரண்டு வகையினரும் போகலாம். கோரிக்கையாளர் போக முடியாது. அவர் மாகாண அரசின் பணத்தில் பாடசாலைச் சபைகள் நடத்தும் வளர்ந்தோர் வகுப்புகளுக்குத்தான் போக வேண்டும். விவரம் தெரியாத நல்ல மனிதர் ஒருவர், ஒரு தாயைப் பேருந்தில் ஒரு மணி நேரம் கூட்டிச் சென்று, லிங்க் வாசலில் இடமில்லை என்ற பதிலோடு திருப்பிக் கூட்டி வந்ததை நான் கண்டிருக்கிறேன். அதன்பின் அந்தத் தாய் 5 மாதங்கள் எந்த வகுப்புக்கும் போகவில்லை. பிள்ளைகள் விடயத்தில் அந்தப் பயம் வேண்டாம். பெற்றாரின் குடிவரவு நிலை என்னவாக இருந்தாலும் நமது ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்க முடியாது.

ஆனால் அந்தக் குடும்பம் எந்த வகை என்று நீங்கள் கேட்கக் கூடாது. எப்படி வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்ற கேள்விகளுக்கு அவர்கள் அதிகாரிகளிடம் பல முறை பதில் சொல்லிக் களைத்திருப்பார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். கேட்டதைப் பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள்.

இனிப் பத்திரங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களோடு பழகும் தொண்டர்களிடம் எந்த நிறுவனமும் காவல்துறையின் பின்னணிச் சான்றிதழைக் கேட்கும். சாதாரணச் சான்றிதழ் போதாது, பிள்ளைகள், முதியோர் போன்றவர்களோடு வேலை செய்பவர்களுக்கென்று தனியான ஒன்று இருக்கிறது. நிறுவனம் தரும் கடிதத்தோடுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். வந்துசேரச் சில வாரங்கள் எடுக்கலாம். அதோடு ஒரு நேர்முகம், உங்களைத் தெரிந்த இருவரின் பெயர், சில மணி நேரப் பயிற்சி. அலுப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயிற்சியில் சொல்வதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கும், மீதிப் பாதிதான் உங்களையும் அந்தப் பிள்ளையையும் காப்பாற்றும். பிள்ளையைத் தனியே உங்கள் வாகனத்தில் ஏற்றக் கூடாது, கதவை மூடிக்கொண்டு படிப்பிக்கக் கூடாது, படம் எடுத்து முகநூலில் போடக் கூடாது, பணம் கடன் கொடுக்கக் கூடாது என்பவை அதில் அடங்கும். குடிவரவுப் படிவங்களில் கையே வைக்கக் கூடாது. கோரிக்கையாளர் தன் கதையை எழுதிக் கொடுக்கும் படிவத்தில் நீங்கள் நல்லெண்ணத்தோடு மாற்றிவிடும் ஒரு திகதி, விசாரணை நாளில் அவருடைய வாயை அடைத்துவிடும். அதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வசதியில்லாதவர்களுக்கு ஒன்ராறியோ சட்ட உதவி இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் சொன்ன அந்தத் தாள். பையனை மொழிபெயர்ப்பாளன் ஆக்கியது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல; ஆள் இல்லாத இடத்தில் பிள்ளை நிற்கிறது, அவ்வளவுதான். தொண்டராக நீங்கள் செய்யக்கூடிய முதல் வேலை கணிதம் அல்ல என்று நினைக்கிறேன். அவனை அந்த வேலையிலிருந்து விடுவிப்பதுதான். 211 என்ற இலக்கத்தை அழைத்தால் எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆப்கானியர் பலர் பேசும் தாரி மொழியிலேயே கேட்டறியலாம். வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அந்த ஒரு வசனத்தைத் தாய்க்கு ஆங்கிலத்தில் பழக்கிவிடுங்கள்.

பனங்கூடல்

அக்கா, பையன் சிரிக்கவில்லை என்று எழுதினீர்களே, அதனால் எழுதுகிறேன். வழமையாக இங்கே வாசிப்பதோடு சரி.

1988 மாசி மாதம் நாங்கள் ஒன்ராறியோவில் ஒரு சிறிய ஊருக்கு வந்து சேர்ந்தோம். அம்மா, நான், தங்கை. அப்பா வரவில்லை. எனக்கு 12 வயது. அதற்கு 18 மாதங்களுக்கு முன்புதான், 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்திருந்தார்கள். முதலில் அவர்களைக் கண்ட கப்பல் தலைவர் கஸ் டால்ற்றனின் பெயர் நம்மவர்களுக்குத் தெரியும். ஆகவே நாங்கள் வந்த ஊரில் தமிழர் என்றால் படகில் வந்தவர்கள் என்ற ஓர் அறிவு இருந்தது. நாங்கள் விமானத்தில் வந்தோம் என்று சொன்னபோது சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆறு மாதத்தில் எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. வந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். வாடகை, வங்கி, தங்கையின் பாடசாலை எல்லாவற்றுக்கும் நான்தான் போனேன். ஒருநாள் அம்மாவோடு வைத்தியரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். கருப்பையில் கட்டிகள் இருக்கின்றன, அதை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதை அவர் சொன்னார் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சொல்லுக்குத் தமிழும் தெரியாது, தெரிந்திருந்தாலும் அம்மாவிடம் சொல்லும் வயது இல்லை. வயிற்றில் ஏதோ கட்டியாம், மருந்து தருவார்களாம் என்று சொன்னேன். அம்மா மருந்துக்காகக் காத்திருந்தார். நான்கு மாதங்கள் கழித்து இரத்தப்போக்கில் மயங்கி விழுந்த பிறகுதான் விடயம் வெளியே வந்தது. பிழைத்துக்கொண்டார், இப்போது 81 வயது. ஆனால் தாள் ஒன்றைக் கையில் பிடித்தபடி முகம் வெளிறி நிற்கும் பையன் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஊரில் எங்களுக்கு உதவ வந்தவர்கள் இரண்டு விதம். ஒரு குழுவினர் கறுப்புப் பிளாஸ்ரிக் பைகளில் உடுப்புகள் கொண்டுவந்தார்கள். ஒரு பையில் சப்பாத்துகள் இருந்தன. இரண்டு சோடிகளில் ஒற்றைக் கால்தான் இருந்தது. பையோடு எங்களை நிறுத்திப் படம் எடுத்துத் தங்கள் செய்தித்தாளில் போட்டார்கள், அந்தத் தாளைப் பாடசாலைக்கும் யாரோ கொண்டுவந்துவிட்டார்கள். குறை சொல்லவில்லை, அந்தக் குளிரில் அந்த மேலங்கிகளைத்தான் போட்டோம். ஆனாலும் அந்தப் படத்தை நான் மறக்கவில்லை.

மற்றவர் ஓய்வு பெற்ற ஒரு தாதி. செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம் 4 மணிக்கு வருவார். கையில் எதுவும் கொண்டுவர மாட்டார். பலசரக்குக் கடைகள் கதவில் போட்டுவிட்டுப் போகும் விலைத்தாள் மட்டும் இருக்கும். அதை மேசையில் விரித்து அம்மாவோடு இருந்து வாசிப்பார். இறாத்தலுக்கு எவ்வளவு, ஒன்று எவ்வளவு, ஒருவருக்கு 4 தான் என்று ஏன் போட்டிருக்கிறது, எந்த நாள் வரைக்கும் இந்த விலை. அம்மா ஆங்கிலம் படித்தது அந்தத் தாளில்தான். நான் நடுவில் புகுந்து சொல்லிக் கொடுக்கப் போனால், "வெளியே போய் விளையாடு" என்று என்னைத் துரத்திவிடுவார். பிறகு அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைப்பதை அவருக்குப் படிப்பிக்க வேண்டும். அவர் கொப்பியில் எழுதிக்கொள்வார், அம்மா அவரைத் திருத்துவார். எங்கள் வீட்டில் அம்மா ஒருவரைத் திருத்தியதைக் கனடாவுக்கு வந்தபின் அன்றுதான் முதன்முறை கண்டேன்.

ஆகவே, அக்கா, பையனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுங்கள், தடையில்லை. ஆனால் அந்தத் தாயை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உதவப் போனால், கொஞ்ச நாளில் அந்த வீட்டில் உங்களுக்கும் பையனுக்கும் இடையில்தான் எல்லாப் பேச்சும் நடக்கும். தாய் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்.

மயிலை வாசி

எல்லோரும் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவ போலீஸ் சான்றிதழ் எதற்கு? நான் சென்னையிலிருந்து வந்து மிசிசாகாவில் 11 வருடங்களாக இருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் தொண்டராகப் பதிவு செய்தேன். நேர்முகம் முடிந்து மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. அதற்குள் எங்கள் தெருவிலேயே வந்த ஒரு சூடான் குடும்பத்துக்கு நானும் மனைவியும் பள்ளிக்கூடம், பஸ், கடை எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டோம். 12 வயது வரைக்கும் ரொறன்ரோ பஸ்ஸில் கட்டணமே இல்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியாமல், கடைசிப் பையனுக்கும் காசு போட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் பயிற்சி வகுப்பு தேவையா? மனிதன் மனிதனுக்குச் செய்வதைப் படிவத்துக்குள் அடைத்துவிட்டால், படிவம் நிரப்பத் தெரிந்தவன்தான் உதவி செய்வான்.

வழித்துணை

நீங்கள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை, ஐயா. பதில் வராத அந்த மூன்று மாதங்களுக்கு எங்கள் துறை வெட்கப்பட வேண்டும். தொண்டர்களை ஒழுங்குபடுத்துவதற்கென்று ஓர் ஆளை வைத்திருக்க எல்லா நிறுவனங்களுக்கும் பணம் கிடைப்பதில்லை, முதலில் வெட்டப்படுவதும் அந்த வேலைதான்.

அயலவர் என்பது ஒன்று, தொண்டர் என்பது வேறொன்று. அயலவருக்கு அந்தக் குடும்பம் கதவைத் திறக்காமலும் விடலாம், அவர் கொடுத்த சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு தட்டில் தங்களுடைய சாப்பாட்டை வைத்து அனுப்பவும் செய்யலாம். நிறுவனம் அனுப்பும் ஆளிடம் அப்படி நடக்க அவர்களுக்குத் துணிவு வராது. அவர் போய்ச் சொல்லிவிட்டால் கொடுப்பனவு நின்றுவிடுமோ என்று நினைப்பார்கள். அந்த அதிகாரம் உங்கள் கையில் இல்லாவிட்டாலும் அவர்கள் கண்ணுக்கு இருக்கிறது. சான்றிதழும் பயிற்சியும் அதற்காகத்தான்.

வேறொரு விடயம், இதைத் தனிமடலில் பலர் கேட்டிருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தை ஸ்பொன்சர் செய்யும் வழி 1979 முதல் இயங்கிவரும் தனியார் திட்டத்தின் ஒரு பகுதி. அந்தத் திட்டத்தால் இதுவரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். ஆனால் ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை அரசு 2024 நவம்பர் 29 இல் நிறுத்தியது. ஸ்பொன்சர் செய்து தருகிறேன் என்று யாராவது உங்கள் உறவினரிடம் பணம் கேட்டால், அது எந்தக் காலத்திலும் சட்டத்துக்கு மாறானது.

கரும்பலகை

செவ்வந்தி அக்கா, நான் உயர்பாடசாலை ஆசிரியை. புதிதாக வரும் மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்த மூத்த பெண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் நான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது 16 வயது என்றால், 2021 செப்டெம்பரில் தலிபான்கள் 6 ஆம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையை மூடியபோது அவள் ஏறக்குறைய அந்த வாசலில் நின்றிருப்பாள். 2022 மார்ச்சில் திறக்கிறோம் என்று சொல்லி, பிள்ளைகள் புத்தகப்பையோடு போய் நின்ற அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு பாகிஸ்தானில் காத்திருந்த காலம். இடையில் வீட்டில் இருந்து படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒன்ராறியோவில் பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில்தான் வைப்பார்கள். 11 ஆம் வகுப்பு வாங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் இருந்தால் அது மந்தம் அல்ல. அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்படிப் பாடசாலை இடைமுறிந்த பிள்ளைகளுக்கு ஈ.எல்.டி. என்று தனியான வகுப்புகள் உண்டு. ஆங்கிலம் மட்டும் புதிதாக இருக்கும் பிள்ளைகளுக்கான ஈ.எஸ்.எல். வகுப்பு அதிலிருந்து வேறானது. எல்லாப் பாடசாலைகளிலும் ஈ.எல்.டி. இல்லை. அவள் எதில் இருக்கிறாள் என்று தாய் பாடசாலையில் கேட்க வேண்டும். 18 வயதானவுடன் படிப்பு முடிந்துவிடும் என்று பல பெற்றார் நினைக்கிறார்கள். உயர்பாடசாலையில் 21 வயது வரை இருக்கலாம். பட்டயத்துக்கு வேண்டிய 30 பாடப் புள்ளிகளை (கிரெடிட்) நிதானமாகச் சேர்க்க அவளுக்கு நேரம் இருக்கிறது என்பதை அந்தத் தாயிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பிறந்த திகதியையும் ஒருமுறை கவனியுங்கள், கேட்காமல், பேச்சு வந்தால் மட்டும். என்னிடம் வந்த ஆப்கானிய மாணவர்களில் எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. அவர்களுடைய நாட்காட்டியில் புத்தாண்டு மார்ச் 21 அளவில் வருகிறது. 1389 ஆம் ஆண்டு பிறந்த பிள்ளை என்று தகப்பன் சொன்னால், அது நமது 2010 ஆகவும் இருக்கலாம், 2011 ஆகவும் இருக்கலாம். மாதம் தெரியாவிட்டால் அதிகாரி ஓர் ஆண்டைத் தெரிந்து ஜனவரி 1 என்று போட்டுவிடுவார். ஒன்ராறியோவில் வகுப்பு, பிறந்த ஆண்டின்படி. ஆகவே அந்த ஒரு கோட்டில் பிள்ளை ஒரு வகுப்பு மேலே போய்விடும். ஒருமுறை என் வகுப்பில் மிகவும் சிறியவனாக ஒரு பையன் இருந்தான்; தகப்பன் குர்ஆனின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த திகதியை நாங்கள் மாற்றிக் கணக்கிட்டபோது, அவன் நடுநிலைப் பாடசாலையில் இருக்க வேண்டியவன் என்று தெரிந்தது. திருத்துவது நீண்ட வேலை. அதை நீங்கள் செய்யப் போகாமல் வழித்துணை போன்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கணிதம் படிப்பிக்கும்போது உங்களுக்கு ஒரு வசதியும் ஒரு தடையும் இருக்கும். எண்ணுக்கு மொழி வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் அவர்கள் எழுதிப் பழகிய இலக்கங்கள் வேறு. அவர்களுடைய ஐந்து நமது கண்ணுக்குத் தலைகீழான இதயம் போலவும், பூச்சியம் ஒரு புள்ளி போலவும் இருக்கும். எழுத்தை வலமிருந்து இடமாக எழுதும் பிள்ளை இலக்கத்தை மட்டும் நம்மைப் போல இடமிருந்து வலமாக எழுதுவாள். வகுத்தலை வேறு விதமாக அமைப்பாள். அதைப் பிழை என்று வெட்டாதீர்கள், விடையைப் பாருங்கள். தாய்மொழியில் எண்ணிவிட்டு ஆங்கிலத்தில் விடை சொன்னால் தடுக்காதீர்கள்.

பையனைப் பற்றியும் ஒன்று. நன்றாக ஆங்கிலம் பேசுகிறான் என்று எல்லோரும் ஏமாந்துபோவது அவனைப் போன்ற பிள்ளைகளிடம்தான். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்: விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடும், பாடப்புத்தகத்தின் ஆங்கிலத்தைப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் வேண்டும். கரப்பான் மருந்துத் தாளில் இருந்தது இரண்டாவது வகை ஆங்கிலம்.

செவ்வந்தி

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்தேன்.

நான் நினைத்தபடி நடக்கவில்லை. ஒரே மாடியில் இருப்பவரை அதே குடும்பத்துக்குத் தொண்டராகப் போடுவதில்லை என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். வேறொரு கட்டடத்தில், எரித்திரியாவிலிருந்து வந்த இரண்டு சகோதரிகளுக்குச் சனிக்கிழமைகளில் நூலகத்தில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். மூத்தவள் என்னைவிட வேகமாக மனக்கணக்குச் செய்கிறாள், வசனக் கணக்கு வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள். இப்போது கணக்கை விட்டுவிட்டு அந்த வசனங்களைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மாடிக் குடும்பத்துக்கு நான் அயலவள் மட்டும்தான். பனங்கூடல் தம்பி எழுதியதை மனதில் வைத்து, வியாழக்கிழமைகளில் விலைத்தாள் வந்ததும் அந்தத் தாயின் கதவைத் தட்டுகிறேன். முதல் நாள் பாலும் சீனியும் போட்ட தேநீர் கொண்டுபோனேன், மரியாதைக்காகக் குடித்தார். அடுத்த முறை அவர் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் தந்தார், நான் மரியாதைக்காகக் குடித்தேன். எண்களை அவருடைய மொழியில் சொல்லிக் காட்டுகிறார். ஐந்துக்கு 'பஞ்ஜ்' என்றபோது, எங்களுக்கும் பஞ்சாங்கம், பஞ்சாமிர்தம் என்று அதே சொல் இருக்கிறது என்று சொல்ல முயன்றேன், முடியவில்லை, கடைசியில் ஐந்து பழங்களை வரைந்து காட்டினேன்.

சென்ற மாதம் குளியலறைக் கூரையிலிருந்து அவர்கள் வீட்டில் தண்ணீர் ஒழுகியது. நிர்வாக அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற வசனத்தை அவர் தானே சொன்னார். உத்தியோகத்தர் முதலில் விழித்தார், உங்கள் மகன் எங்கே என்றுகூடக் கேட்டார். பிறகு அடுத்த நாளைக்குத் தாரி பேசும் ஒரு பராமரிப்பு ஊழியரை வரச்செய்தார். பையன் அந்த நேரம் கீழே பந்து அடித்துக்கொண்டிருந்தான். மூத்த பெண் ஈ.எல்.டி. உள்ள பாடசாலைக்கு மாறுவதற்குப் பேச்சு நடக்கிறது. அது பாடசாலைக்குள்ளேயே இருக்கும் குடியமர்வுப் பணியாளரின் வேலை, நான் தலையிடவில்லை.

ஒரு சின்னக் கேள்வி, கரும்பலகைக்கு. இந்த வாரம் பனி கொட்டியதிலிருந்து, கடைக்குட்டிப் பிள்ளை இடைவேளைக்கு வெளியே போகாமல் வாசலிலேயே நிற்கிறதாம்; மற்றப் பிள்ளைகள் உடுத்தி முடித்து ஓடிவிடுகிறார்கள், இது கையுறையோடு போராடிக்கொண்டிருக்கிறது. தாயும் நானும் வீட்டில் பழக்கிப் பார்க்கிறோம். ஏதாவது ஒழுங்குமுறை இருக்கிறதா?

கரும்பலகை

இருக்கிறது. முதலில் பனிக்காற்சட்டை, பிறகு சப்பாத்து, பிறகு மேலங்கி, தொப்பி, எல்லாம் முடிந்து கடைசியாகக் கையுறை. கையுறையை முதலில் போட்ட பிள்ளையால் சிப்பை இழுக்க முடியாது, அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். மேலங்கியை நிலத்தில் விரித்து, கழுத்துப் பக்கம் கால்விரலில் படும்படி பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். குனிந்து இரண்டு கையையும் மேலங்கியின் கைகளுக்குள் விட்டுத் தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டால் தானே உடம்பில் விழும். நான்கைந்து முறை செய்தால் பழகிவிடும். சிப்பின் நுனியில் ஒரு தடித்த நூலைக் கட்டிவிடுங்கள்.